கொடுவாக்கத்தி

கனடாவில் வசிக்கும் என் தங்கையின் மகனுக்குக் கத்திகள் மீது பெருவிருப்பு. 2019 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரொறன்ரோ சென்று அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. நிலக்கீழ் அறையில், புத்தகங்கள் இருக்கவேண்டிய கண்ணாடி அலுமாரியில், பதினேழு கத்திகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஊரில் நாம் வில்லுக்கத்தி என்று சொல்லும் மடக்குக் கத்தி ஒன்றுகூட அவற்றுள் இல்லை. எல்லாமே அலகும் பிடியும் ஒன்றாக இறுகிய, தோலுறையில் செருகி இடுப்பில் தொங்கவிடும் பெரிய கத்திகள். மிகச் சிறியதன் அலகே ஏழு அங்குலம் இருக்கும்.

"மாமா, பிடிச்சுப் பாருங்கோ" என்று ஒன்றை எடுத்துப் பிடிப்பக்கமாக என்னிடம் நீட்டினான்.

நான் உடனே கை நீட்டவில்லை. முதலில் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரித்தான். தன் மாமா இரத்தத்துக்குப் பயந்தவர் என்று அவன் நினைத்திருக்கக்கூடும். வாசலை ஏன் பார்த்தேன் என்பதை அன்று அவனுக்குச் சொல்லவில்லை.

அவன் கையில் இருந்தது போவிக் கத்தி என அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. ஒன்பது அங்குல அலகு, முனையருகே உட்குழிந்து வளையும் முதுகு, கை வழுக்கிக் கூரின்மீது போகாதபடி குறுக்கே ஒரு பித்தளைத் தடுப்பு. அதன் வரலாற்றை அவன் ஒப்புவித்தபோது என்னுள் இருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். 1827 செப்டெம்பர் 19 ஆம் திகதி அமெரிக்காவின் நாச்செஸ் நகருக்கருகே, மிசிசிப்பி ஆற்று மணற்திட்டில், இரு கனவான்கள் துப்பாக்கியால் சுட்டுத் தங்கள் பிணக்கைத் தீர்த்துக்கொள்ள வந்தார்கள். இருவருக்கும் காயமில்லை, கைகுலுக்கிக்கொண்டார்கள். உடன் வந்தவர்களுக்கிடையிலேதான் சண்டை மூண்டது. சுடப்பட்டும் குத்தப்பட்டும் வீழ்ந்த ஜிம் போவி என்பவர், தன்னிடமிருந்த பெரிய கத்தியால் எதிராளி ஒருவரைக் கொன்றார். செய்தி பத்திரிகைகளில் பரவியது. அதன்பின் "போவியின் கத்தி போல ஒன்று" கேட்டு ஊரூராகக் கொல்லர்களிடம் ஆட்கள் போனார்கள். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத் தொழிலகங்கள் அமெரிக்கச் சந்தைக்கென்றே அக்கத்திகளைச் செய்து கப்பலேற்றின. 1836 மார்ச் 6 ஆம் திகதி ரெக்சாசின் அலாமோக் கோட்டையில் போவி மாண்டபின் கத்தியின் புகழ் மேலும் வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மணற்திட்டில் அவர் பிடித்திருந்த கத்தி எந்த வடிவில் இருந்தது என்பது இன்றுவரை பிணக்குக்குரியது. இன்று நாம் போவிக் கத்தி என்று அழைக்கும் வடிவம் பின்னாளில் நிலைபெற்றது. ஒரு கத்தியைப் பத்திரிகைகள் புகழேற்றின என்றால் அது மிகையாகாது.

புகழோடு பழியும் வந்தது. 1837 டிசெம்பரில் ஆர்கன்சோ மாநிலப் பிரதிநிதிகள் சபையின் தலைவரே, சபை கூடியிருந்த வேளையில், உறுப்பினர் ஒருவரைப் போவிக் கத்தியால் குத்திக் கொன்றார். அதே ஆண்டில் அலபாமா மாநிலம் அக்கத்தியின் விற்பனைக்கு நூறு டொலர் வரி விதித்தது. 1838 இல் ரெனசி மாநிலம் விற்பனையையே தடைசெய்தது. ஒரு நூற்றாண்டு கடந்து, 1942 இல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன்கள் ஏழு அங்குல அலகும் தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடியும் கொண்ட கத்தியை ஏற்றுக்கொண்டார்கள். கேபார் என்ற பெயரில் பிரபலமான அது போவியின் பேரப்பிள்ளை. மருமகனிடம் அதுவும் இருந்தது.

"உனக்கு முதல் எனக்கு இந்த வருத்தம் இருந்தது" என்றேன். அது உண்மை. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஊரில் மின்சாரம் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்போம். 1982 இல் வெளியான முதலாவது ராம்போ படம் அப்படித்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் கதாநாயகன் வைத்திருந்த கத்தியை, முதுகில் வாள் பற்களும் பிடிக்குள் பொருள்கள் வைக்க வெற்றிடமும் கொண்ட அந்தக் கத்தியை, எங்கள் வயதுப் பொடியன்கள் கொப்பிகளின் பின்மட்டைகளில் வரைந்து தள்ளினோம். அதைச் செய்தவர் ஆர்கன்சோவைச் சேர்ந்த ஜிம்மி லைல் என்னும் கத்திக் கைவினைஞர் என்பதை மருமகன் சொல்லித்தான் அறிந்தேன். அதைப் பார்த்து மலிவாகச் செய்யப்பட்ட கத்திகளில் அலகு பிடியோடு சேருமிடம் பலவீனமானது என்றும், நல்ல கத்தியில் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடவேண்டும் என்றும் அவன் விளக்கினான். அதற்கான இரும்பில் நூற்றுக்கு ஒரு பங்களவு கரி கலந்திருக்குமாம். அது கறள் பிடிக்கும். ஆனால் இலகுவில் கூரேறும். குரோமியம் கலந்த கறள் பிடிக்காத இரும்பை விட முரட்டு வேலைக்கு அதையே பலர் விரும்புகிறார்கள்.

அந்த வார இறுதியில் என்னை அல்கொன்குயின் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். பூங்கா என்றதும் ஊஞ்சலும் புல்வெளியும் நினைவுக்கு வரவேண்டாம். 1893 இல் ஒன்ராறியோ மாகாணம் ஒதுக்கிய, 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட காடும் ஏரிகளும் அவை. மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஏரிக்கரையில் கூடாரம் அடித்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டபின் நெருப்பு மூட்டவேண்டும். விறகு எல்லாம் நனைந்திருந்தது. அப்போதுதான் பெரிய கத்தியின் பயனை நேரில் கண்டேன். குற்றியை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியின் கூரை வைத்து, இன்னொரு தடியால் கத்தியின் முதுகில் அடித்தான். நான்கு அடியில் குற்றி இரண்டாகப் பிளந்தது. வெளிப்புறந்தான் ஈரம், நடுவைரம் காய்ந்திருந்தது. அதைச் சிராய்களாகச் சீவி, ஒரே தீக்குச்சியில் நெருப்பை எழுப்பினான். மடக்குக் கத்தியால் இதைச் செய்தால் மூட்டு உடைந்துவிடும். சிறிய கத்தியின் அலகோ குற்றிக்குள் புதைந்துபோகும்; அடிப்பதற்கு முதுகு வெளியே நீளாது.

"பாத்தீங்களோ மாமா, விறகும் பிளக்கலாம், முளையும் சீவலாம், சமைக்கவும் வெட்டலாம். காட்டுக்குள்ளை இந்த ஒரு சாமான் காணும்."

"அப்ப வெங்காயத்தை வெட்டு பாப்பம்" என்றேன்.

ஆறு மில்லிமீற்றர் தடித்த அலகு வெங்காயத்தை அரியவில்லை. ஆப்புப் போல இறங்கி இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மணலில் உருட்டிவிட்டது. இரண்டாவது வெங்காயத்துக்குக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்தான். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

இந்தச் சிரிப்பு அமெரிக்காவிலும் பழையது. காட்டுவாசம் பற்றி எழுதியவர்களில் முன்னோடியான ஜோர்ஜ் வாஷிங்டன் சியேர்ஸ், நெஸ்மக் என்ற புனைபெயரில் 1884 இல் வெளியிட்ட நூலில், கடைகளில் விற்கும் தடித்த போவிக் கத்திகளை உதவாக்கரைகள் என்று ஒதுக்குகிறார். அவர் காட்டுக்குக் கொண்டு போனவை ஒரு சிறு கோடாலி, மெல்லிய அலகுடைய ஓர் உறைக்கத்தி, ஒரு பைக்கத்தி ஆகிய மூன்றே. இன்றும் அனுபவசாலிகள் பலர் நான்கு அங்குல அலகுடைய மலிவான சுவீடன் கத்தியையும் ஒரு கோடாலியையுமே பரிந்துரைக்கிறார்கள். மருமகனுக்கு இதெல்லாம் தெரியும். ஆயினும் அவன் பெரிய கத்தியையே கொண்டு போகிறான். ஏன் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "இடுப்பிலை அந்தப் பாரம் இருந்தால் எல்லாத்தையும் நானே செய்யலாம் எண்டு ஒரு நினைப்பு வரும் மாமா" என்றான்.

வங்கியொன்றில் நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். உணவு, சூடு, கூரை எல்லாம் வேறு யாரோ செய்து அனுப்பிவைப்பவை. அந்த நினைப்பு அவனுக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

இரண்டாவது நாள் காற்றில் முறிந்து கிடந்த ஒரு கொப்பைத் தறிப்பதற்கு அவன் பையிலிருந்து வேறொரு கத்தியை எடுத்தான். கறுத்தத் தோலுறையிலிருந்து வெளிவந்த அதன் அலகு நடுவில் முழங்கை போல முன்னோக்கி வளைந்திருந்தது. பிடிக்கருகே கூரில் ஒரு சிறு வெட்டு. உறையின் பின்புறம் இரண்டு குட்டிக் கத்திகள். நேபாளத்துக் குக்ரி.

"இதை உனக்கு முதல் நான் பாத்திருக்கிறன்" என்றேன். அன்றிரவு நெருப்பருகே அந்தக் கதையைச் சொன்னேன்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. வளவைச் சுற்றிக் கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலி. ஆண்டுதோறும் அந்த வேலியைக் கத்தரித்து, குழையை ஆட்டுக்குப் போட்டு, தடிகளை விறகுக்கு அடுக்குவார் அப்பா. அதற்கு அவர் பாவித்தது ஒரு கொடுவாக்கத்தி. பழைய லொறி வில்லின் இரும்பைக் கொடுத்து, கம்மாலையில் கூடவே நின்று, தன் கைக்கு அளவாக அடிப்பித்தது. முனை முன்னோக்கி வளைந்திருக்கும். குசினியின் பின்பக்க இறப்பில் அது செருகப்பட்டிருக்கும். தேங்காய் உடைப்பதும் அதனால்தான், பனையோலை வெட்டுவதும் அதனால்தான். அதை ஆயுதம் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் நினைத்ததில்லை.

1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படையோடு போர் தொடங்கியது. படையில் கூர்க்காப் பிரிவுகளும் இருந்தன. அக்காலத்தில் நடந்தவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல வந்தது ஒரு சிறு சம்பவம். 1988 இல் ஒரு காலை எங்கள் வீட்டைச் சோதனையிட வந்தார்கள். அவர்களுள் ஒருவர் குசினிப் பக்கம் போய் இறப்பில் இருந்த கொடுவாக்கத்தியை எடுத்தார். அப்பாவின் முகம் வெளுத்தது. அந்தச் சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலைக் கூரின் குறுக்கே வைத்துப் பதம் பார்த்தார். பின்பு தன் இடுப்பிலிருந்த குக்ரியை உருவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. அப்பாவைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார்; மொழி விளங்கவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. கத்தியை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே செருகிவிட்டுப் போனார்.

மருமகன் தன் குக்ரியைத் திருப்பிப் பார்த்தான். நேபாளத்திலும் கொல்லர்கள் பழைய வாகன வில்லிலிருந்துதான் இதை அடிக்கிறார்கள் என்றான். உண்மையில் குக்ரியை உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காட்டாமல் திருப்பி வைக்கக்கூடாது என்பதெல்லாம் வெறுங்கதை. 1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு போரிட்ட ஆங்கிலேயர், எதிரியின் கையில் அதைக் கண்டு வியந்தார்கள். பின்பு கூர்க்காக்களைத் தம் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் வளர்ந்த கதைகள் பல. நேபாள மலைக்கிராமத்தில் அது விறகு தறிக்கும், இறைச்சி வெட்டும், புதர் செதுக்கும் வீட்டுக்கத்தி. உறையிலுள்ள குட்டிக் கத்திகளில் ஒன்று சிறு வேலைகளுக்கு. மற்றது கூரில்லாதது, பெரிய அலகைத் தீட்டுவதற்கும் கல்லில் தட்டி நெருப்புப் பொறி எழுப்புவதற்கும். அந்தச் சிப்பாயின் தகப்பனும் ஏதோ ஒரு மலைச்சரிவில் வேலி வெட்டியிருக்கக்கூடும்.

"பிறகு என்ன நடந்தது?" என்றான் மருமகன்.

அன்றிரவே அம்மா அந்தக் கத்தியை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு வந்தவர் சிரித்தார், நாளைக்கு வருகிறவர் சிரிக்கவேண்டுமே என்பது அவரது நியாயம். பதினெட்டு வயதில் ஒரு மகன் இருக்கும் வீடு. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அலகுக்கு நல்லெண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, வேலியோரப் பூவரசின் கீழ் புதைத்தார். நான் அரிக்கன் லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பின் வேலி வெட்டப்படவில்லை. அயலிலும் பலர் வெட்டவில்லை. வேலிகள் தம்பாட்டில் வளர்ந்தன.

1990 மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. கத்தியைத் தோண்டி எடுக்க அப்பா நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பலாலியைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் ஒரே நாளில் எழும்பி ஓடின. நாங்களும் ஓடினோம். அதன்பின் அந்த மண் உயர்பாதுகாப்பு வலயமாகியது. எங்கள் காணி 2016 இல் விடுவிக்கப்பட்டபோது அப்பா உயிரோடு இல்லை. நான் போய்ப் பார்த்தேன். வீடும் இல்லை, வேலியும் இல்லை, பூவரசும் இல்லை. மண் எங்கும் ஒரே மட்டமாகத் தள்ளப்பட்டிருந்தது. ஒரு மண்வெட்டியோடு அரை நாள் நின்று மூன்று இடங்களில் தோண்டினேன். நான்காவது இடம் எதுவென்று தெரியாமல் திரும்பினேன்.

மருமகன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அதுதான் அண்டைக்கு வாசலைப் பாத்தீங்களோ?" என்று கேட்டான்.

அவன் அலுமாரியில் பதினேழு கத்திகளை வைத்திருப்பது அவனது நாட்டின் சட்டப்படி குற்றமில்லை. பொத்தானை அமுக்கினால் தானாக விரியும் கத்திகள் போன்ற சில வகைகளுக்குத்தான் கனடாவில் தடை. இவ்வகைக் கத்தியை வைத்திருக்கலாம். எந்த நோக்கத்தோடு கொண்டு திரிகிறாய் என்பதே கேள்வி. பிரித்தானியாவிலோ தக்க காரணமின்றிப் பொது இடத்துக்கு இதைக் கொண்டு வருவதே குற்றம். அங்குள்ள நம் பிள்ளைகள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஆனால் சட்டத்தில் எழுதாத ஒன்றும் இருக்கிறது. என் மருமகனின் வீட்டுக் கதவு தட்டப்படும்போது அவன் அலுமாரியை நினைத்து அஞ்சுவதில்லை. பெரிய கத்தியொன்றை அழகென்று பார்ப்பதற்கு அந்த அச்சமின்மை வேண்டும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. அதனால் இப்படியான ஒரு விருப்பு இருக்கமுடியும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கத்தியை அழகாகப் பார்த்த காலம் எங்கள் தீவிலும் இருந்தது. கண்டி இராச்சியத்தின் அரச பட்டறைகளில் செய்யப்பட்ட பிஹாகெத்த என்னும் கத்திகளை லண்டன் விக்ரோரியா அல்பேட் அருங்காட்சியகத்தில் காணலாம். தடித்த அலகின் பக்கங்களில் வெள்ளியிலும் பித்தளையிலும் கொடிவேலை. யானைத் தந்தத்தில் பிடி. அரசவைப் பிரபுக்கள் இடுப்பில் செருகியவை. கண்டியக் கைவினைஞரின் தொழில்களை 1908 இல் பெருநூலாகப் பதிவுசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்து மரபில் வந்த சேர் முத்து குமாரசுவாமியின் மகன். ஆனால் இன்று எங்கள் பத்திரிகைகளில் கத்தி வருவது ஒரே ஒரு வகையில்தான். "மன்னாக் கத்தியால் வெட்டிப் படுகொலை" என்ற தலைப்பை முப்பது வருடங்களில் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதே கத்தி மற்ற நாட்களில் வேலி வெட்டியதை ஒருமுறையும் எழுதியதில்லை. அது செய்தியில்லையே.

விடைபெறும்போது மருமகன் ஒன்று கேட்டான். அப்பப்பாவோ அம்மப்பாவோ பாவித்தது போன்ற ஒரு கொடுவாக்கத்தியைத் தனக்கு ஊரில் அடிப்பித்துத் தரமுடியுமா என்று. பதினெட்டாவது கத்தியாக வைக்கவேண்டுமாம்.

தொற்றுநோய்க் காலமும் பொருளாதார நெருக்கடியும் கடந்து, 2023 இல்தான் அதற்கு வசதிப்பட்டது. ஊரில் எஞ்சியிருந்த ஒரு கம்மாலையைத் தேடிப் போனேன். துருத்தி இருந்த இடத்தில் மின்விசிறி, மற்றதெல்லாம் பழையபடிதான். கொல்லர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன வெட்டுறதுக்கு?" என்று கேட்டார். வெட்டுவதற்கில்லை, கனடாவில் அலுமாரியில் வைப்பதற்கு என்றேன்.

"அப்ப கூர் வேண்டாமோ?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "கூரில்லாமல் நான் குடுக்கிறேல்லை" என்றார். லொறி வில்லைச் சிவக்கக் காய்ச்சி அடித்து, வளைத்து, தண்ணீரில் தோய்த்து, நெடுநேரம் கல்லில் தீட்டினார். கடைசியில் பெருவிரலைக் கூரின் குறுக்கே வைத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் எங்கள் குசினிப் பின்புறத்தில் ஒருவர் பார்த்த அதே பாங்கு. எனக்குக் கொஞ்ச நேரம் பேச வரவில்லை.

அந்தக் கத்தி இப்போது எங்கள் காணியில் போட்ட சிறு கொட்டிலின் இறப்பில் செருகியிருக்கிறது. தபாலில் அனுப்பும்படி மருமகன் கேட்கிறான். அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வளவைச் சுற்றிக் கிளுவைக் கதியால்கள் நட்டிருக்கிறேன், நன்றாகத் துளிர்த்துவிட்டன. அவன் வந்து ஒரு பக்க வேலியையாவது அதனால் வெட்டட்டும். பிறகு கொண்டு போய் அலுமாரியில் வைக்கட்டும்.